2029 ஜனவரி வரை செல்லுபடியாகும் ஒரு மதிப்பெண்

எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் முதலில் அதற்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண்ணை விசாரிக்கிறார்கள். அடுத்து எந்த மேலாண்மைப் பள்ளி என்கிறார்கள். யாருடன் சேர்ந்து தயாரானீர்கள் என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. 2023-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 2025 ஆகஸ்ட்டில் வகுப்பில் போய் உட்காரும் வரை, எந்த வேலையில் நீடிப்பது, எதை மறுப்பது, யாரிடம் பரிந்துரை கேட்பது, எந்தப் பள்ளியை விட்டுவிடுவது என்று நான் எடுத்த முடிவுகளையெல்லாம் என் சொந்த முடிவுகள் என்றே நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரு சனிக்கிழமைக் காலை காணொளி அழைப்பில் மூன்று பேர் சொன்னதிலிருந்தோ, சொல்லாமல் விட்டதிலிருந்தோ முளைத்தவை.

நாங்கள் நால்வர். இளங்கலையில் என்னுடன் ஒரே வகுப்பில் இருந்த தோழி ஒரு தணிக்கை நிறுவனத்தில் இருந்தாள். அவள் வழியாக எனக்குப் பழக்கமான இருவரில் ஒருவன் மென்பொருள் எழுதுபவன். மற்றவன் அந்த ஆண்டுதான், பிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்துக்கு மாறியிருந்தான். நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் இருப்புத் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். எவ்வளவு சரக்கு எப்போது வாங்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. சொல்லும்போது யாரும் நிமிர்ந்து பார்க்காத வேலை. அமெரிக்காவின் இரண்டாண்டுப் படிப்புகளில் சேர்பவர்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டு அனுபவம் இருக்கும் என்பதால், நான்கு ஆண்டுகளைக் கடந்திருந்த எங்கள் நால்வருக்கும் ‘இப்போது விட்டால் பிறகு முடியாது’ என்ற பதற்றம் ஒரே நேரத்தில் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பதற்றத்தில் பாதி ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றியது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

முதல் பிளவு தேர்விலேயே வந்தது. ஜிமேட்டின் புதிய வடிவம் 2023 நவம்பரில் வரும் என்றும், பழைய வடிவம் 2024 ஜனவரி 31-உடன் நிறுத்தப்படும் என்றும் அறிவிப்பு வந்திருந்தது. பழையதில் கட்டுரை ஒன்று உண்டு. வெர்பல் எனும் மொழிப் பகுதியில் வாக்கியத்தைத் திருத்தும் வினாக்கள் உண்டு. கணக்கில் வடிவியல் உண்டு. புதியதில் இவை மூன்றும் இல்லை. குவான்ட் எனும் கணக்குப் பகுதி 21 வினா, வெர்பல் 23 வினா, தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸ் 20 வினா, பகுதிக்கு 45 நிமிடம், அவ்வளவுதான். வாக்கியத்தில் பிழை பிடிப்பது தோழிக்குக் கைவந்த கலை. ஒரு நிதியறிக்கையின் அடிக்குறிப்பில் இடம் மாறிய காற்புள்ளியைக்கூடக் கண்டுபிடிக்கும் கண் அவளுக்கு. ஆகவே பழையது போவதற்குள் எழுதிவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். எனக்கோ அந்த வினாக்கள்தாம் எமன். நான் காத்திருந்தேன். ஒன்றாகத் தயாராவோம் என்று தொடங்கிய நால்வரும் மூன்றே மாதத்தில் இரண்டு வெவ்வேறு தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் அழைப்பு நிற்கவில்லை. எங்களிடம் ஒரு பகிர்வுக் கோப்பு இருந்தது. அதற்குப் ‘பிழைக் குறிப்பேடு’ என்று பெயர். தவறவிட்ட ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரி. வினா எது, நான் ஏன் அந்த விடையைத் தேர்ந்தேன், உண்மையில் எங்கே சறுக்கினேன் என்று மூன்று கட்டங்கள். நடுக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினம். ‘கவனக்குறைவு’ என்று யாராவது எழுதினால் தோழி அதை அழித்துவிடுவாள். அது காரணம் ஆகாது, என்ன நினைத்தாய் என்று எழுது என்பாள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் மாதக்கணக்கில் எழுதிப் பழகியதால்தான், பிற்பாடு ‘இந்த வேலையை ஏன் எடுத்தீர்கள்’ என்று நேர்காணலில் கேட்டபோது எனக்கு மழுப்ப வரவில்லை.

புதிய தேர்வில் ஒரு வசதி உண்டு: ஒரு பகுதியை முடித்தபின், நேரம் மீதமிருந்தால், திரும்பிப் போய் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். இதைப் படித்த அன்று கன்சல்டிங் நண்பன், “எனக்கு மூன்று வேண்டாம், ஒன்று போதும், போன வருடத்துக்குத் தருவார்களா” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. வேலை மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது அவனுக்கு.

மதிப்பெண் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். தோழிக்கு 2024 ஜனவரியில் பழைய அளவில் 700 வந்தது. எனக்கு ஏப்ரலில் புதிய அளவில் 645. ஐம்பத்தைந்து மதிப்பெண் பின்தங்கிவிட்டேன் என்று ஒரு மாலை முழுவதும் புழுங்கிக் கிடந்தேன். 200 முதல் 800 வரை இருந்த அளவு 205 முதல் 805 வரை என்று மாறியது வெறும் ஐந்து மதிப்பெண் இடப்பெயர்ச்சி என்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே எல்லாமே மாறியிருந்தது. எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரைத் தாண்டியிருக்கிறோம் என்ற கணக்கில் பழைய 700-உம் புதிய 645-உம் ஏறத்தாழ ஒரே படி. இதை எனக்கு எடுத்துக்காட்டியவள் அவள்தான், ஒப்பீட்டு அட்டவணையின் படத்தோடு. ஒரே படியில் நின்றுகொண்டு ஒரு மாலை முழுதும் நான் அவளை அண்ணாந்து பார்த்திருந்தேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வேலையைப் பற்றிய தேர்வுகளில் இந்த ஒப்பிடும் புத்தி இன்னும் ஆழமாக வேலை செய்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தலைமை அலுவலகத்தின் உத்திப் பிரிவுக்கு மாற்றல். வேலை பெரும்பாலும் பிறர் பேசுவதற்கான படவில்லைகளைத் தயாரிப்பது, ஆனால் பதவிப் பெயர் கம்பீரமானது. மற்றொன்று, திரும்பி வரும் சரக்குகளைப் பிரித்துச் சரிபார்க்கும் கிடங்கில் பதினொரு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பேற்பது. தூசி, இரவுநேர அழைப்புகள், யார் விடுப்பு யார் வரவில்லை என்ற அன்றாடத் தகராறு. கன்சல்டிங் நண்பன் சற்றும் தயங்காமல் முதலாவதைச் சொன்னான். விண்ணப்பத்தைப் படிப்பவர் ஒரு கோப்புக்குச் சில நிமிடங்களே ஒதுக்குவார், உத்தி என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் கண் நிற்கும் என்பது அவன் வாதம். அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கன்சல்டிங், முதலீட்டு வங்கி போன்ற இடங்களிலிருந்து பெரிய பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கணிசமானோர் போகிறார்கள். அந்த வழி தேய்ந்து பளபளப்பாகிவிட்ட வழி.

தோழி அறிவுரை சொல்லவில்லை. “ராத்திரி ஏதாவது தப்பாகப் போனால், இந்த இரண்டு வேலையில் எதில் உன்னைக் கூப்பிடுவார்கள்?” என்று மட்டும் கேட்டாள். கிடங்கில்தான். நான் கிடங்குக்குப் போனேன். அது சரியான முடிவா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனக்கு இடம் தராத பள்ளிகள், உத்திப் பிரிவிலிருந்து எழுதியிருந்தால் தந்திருக்குமோ என்னவோ. ஆனால் பதினொரு பேரில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு மாதத்தில் நான் கற்றதை எந்தப் படவில்லையும் கற்றுத் தந்திருக்காது என்பதை மட்டும் அறிவேன்.

நட்பு ஒரு மனிதரின் தொழில் முடிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முதலாண்டு மாணவர்களை ஏறத்தாழ தொண்ணூறு பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் கேஸ் விவாதம், அதாவது ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை எடுத்து அலசும் வகுப்பு, அந்தப் பிரிவுக்குள்தான் நடக்கும். யார் எந்தப் பிரிவு என்பதை மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. இதைப் பயன்படுத்தி ஜோஷ் லெர்னரும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முன்பே சொந்தத் தொழில் நடத்திப் பார்த்தவர்கள் அதிகம் இருந்த பிரிவுகளிலிருந்து, படிப்புக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? நேர்மாறாகக் குறைவாக இருந்தார்கள். அப்படிக் குறைந்ததும் தோல்வியில் முடியும் வகைத் தொழில்களே. வெற்றி பெற்றவற்றின் எண்ணிக்கை குறையவில்லை. பட்டறிவு உள்ள நண்பர் பக்கத்து இருக்கையில் இருந்தால், தேறாத யோசனை அங்கேயே செத்துவிடுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கம் தருகிறார்கள். நண்பர் என்றால் ஊக்கம் கொடுப்பவர் என்ற நம் எதிர்பார்ப்புக்கு இது கொஞ்சம் கசப்பு மருந்து.

எங்கள் குழுவில் அப்படிச் செத்த யோசனை மென்பொருள் நண்பனுடையது. கணக்கில் எங்கள் யாருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தவன் அவன்; மாதிரித் தேர்வுகளில் குவான்ட் பகுதியைப் பத்து நிமிடம் மீதம் வைத்து முடிப்பான். விண்ணப்பப் படிவத்தில் குறுகிய கால இலக்கு, நீண்ட கால இலக்கு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதில் அவன், நிரல் எழுதுவதிலிருந்து, ஒரு மென்பொருள் எப்படி அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் புராடக்ட் மேலாளராக மாற வேண்டும் என்று எழுதியிருந்தான். அதைத் திரையில் படித்த கன்சல்டிங் நண்பன், “உன் கம்பெனியிலேயே இந்த வேலை இருக்கிறதா?” என்றான். இருந்தது. “கேட்டுப் பார்த்தாயா?” கேட்டதில்லை. அடுத்த மூன்று மாதத்தில் அவன் அதே நிறுவனத்தில் அந்தக் குழுவுக்கு மாறிவிட்டான். விண்ணப்பம் அரைகுறையாக நின்றுபோனது. நாங்கள் ஓர் ஆளை இழந்துவிட்டோம் என்று நான் உள்ளூர வருந்தினேன். அவனோ அதற்குப் பிறகும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அழைப்பில் வந்து உட்கார்ந்தான், எழுதப் போகாத தேர்வின் கணக்குகளை எங்களுக்கு விளக்கிக்கொண்டு.

பரிந்துரைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் சங்கடமானது. பல பள்ளிகள் பொதுப் படிவம் ஒன்றை ஏற்கின்றன; அதில் ஒரு கேள்வி, இந்த விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தக் கருத்து எது, அதை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது. இதற்குப் பதில் எழுத நேரடி மேலாளரே பொருத்தமானவர். அவரிடம் கேட்பது என்றால் ஓராண்டு கழித்துப் போய்விடப் போகிறேன் என்று இன்றே சொல்வது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே மனத்துக்குள் அவர் ஒரு கோடு போட்டால் அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. மூன்று வாரம் தள்ளிப்போட்டுக் கடைசியில் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “நீயே எழுதி அனுப்பு, பார்த்துப் போட்டுவிடுகிறேன்” என்றார், உதவி செய்யும் தொனியில்.

அந்தச் சனிக்கிழமை இதை நால்வரும் ஒரு மணி நேரம் விவாதித்தோம். எல்லோரும் செய்வதுதானே என்றான் கன்சல்டிங் நண்பன். விண்ணப்பதாரர் தம் கடிதத்தைத் தாமே எழுதக் கூடாது என்று பள்ளிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோழி, தணிக்கையில் தன் கணக்கைத் தானே சரிபார்ப்பவருக்கு என்ன பெயர் என்று சொல்லவா என்று ஆரம்பித்தாள். சண்டை வரப் பார்த்தது. வழி சொன்னது மென்பொருள் நண்பன். நீ செய்த வேலைகளைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் குறித்துக் கொடு, கருத்து எதுவும் எழுதாதே, அரை மணி நேரம் அவரோடு உட்கார், மீதியை அவர் எழுதிக்கொள்வார் என்றான். அப்படியே செய்தேன். அந்த அரை மணி நேரத்தில், திருத்தக் கருத்துக் கேள்வியைப் படித்துவிட்டு மேலாளர் நிமிர்ந்து, “அந்தப் பெட்டி விஷயத்தை எழுதலாமா?” என்று கேட்டார்.

பெட்டி விஷயம் இதுதான். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பொருளில் 1,200 உருப்படி வாங்க வேண்டியிருந்தது. ஒரு பெட்டியில் 24. ஆக 50 பெட்டி. கொள்முதல் படிவத்தில் அலகு ‘பெட்டி’ என்று இருந்ததைக் கவனிக்காமல் 1,200 என்று தட்டிவிட்டேன். 28,800 உருப்படிகளுக்கான ஆணை போய்விட்டது. மறுநாள் காலையில் கண்டுபிடித்தவன் நானே. ஆனால் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை நாள் தனியாக அதை நிறுத்த முயன்றேன். அதற்குள் பாதிச் சரக்கு வண்டி ஏறிவிட்டது. அது தீர நான்கு மாதம் பிடித்தது. தவறு செய்ததற்காக அன்று மேலாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஒன்றரை நாளுக்காகத்தான் கடிந்துகொண்டார்.

இதை என் கட்டுரையில் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டான்ஃபோர்டின் பிசினஸ் ஸ்கூல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று: உங்களுக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன்? இதற்கு நான் எழுதிய முதல் வரைவின் தொடக்க வாக்கியம், சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் தலைமைப் பண்பு பற்றியது. வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். தோழி அதை வாங்கிப் படித்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினாள். முதல் பத்தி முழுவதையும் ஒரே கோட்டில் அடித்திருந்தாள். ஓரத்தில் விளக்கம் ஏதும் எழுதவில்லை, ‘28,800?’ என்று ஓர் எண்ணும் ஒரு கேள்விக்குறியும் மட்டும். அந்தக் கதை நடந்த இரவில் நான் அழைத்துப் பேசியது அவளைத்தான். எனக்கு நேர்ந்தவற்றை எனக்காக நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் உண்டு என்பது அந்த நான்கு இலக்க... இல்லை, ஐந்து இலக்க எண்ணில்தான் எனக்கு உறைத்தது. இத்தகைய எண் தவறு என்னோடு பிறந்தது போலும்.

விண்ணப்பச் சுற்றுகள் தொடங்கியபின் வேறொரு சோதனை வந்தது. பெரும்பாலான பெரிய பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பரில், இரண்டாவது ஜனவரியில். கன்சல்டிங் நண்பனும் நானும் ஒரே பள்ளிக்கு, ஒரே முதல் சுற்றில் எழுதுகிறோம் என்பது ஆகஸ்ட் கடைசியில் தற்செயலாகத் தெரியவந்தது. வகுப்பில் நூற்றுக்கணக்கானோருக்கு இடமுண்டு, நாம் இருவர் மோதிக்கொள்வோம் என்று நினைப்பதே மடமை என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சொல்லிவிட்டு மூன்று வாரம் இருவருமே கட்டுரையைக் குழுவில் பகிரவில்லை. பிறகு அவனுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அதை அவன் இரண்டு நாள் என்னிடம் மறைத்தான். நான் அவன் இடத்தில் இருந்தால் நான்கு நாள் மறைத்திருப்பேன். இருவர் ஒரே கதவைத் தட்டும்போது நட்புக்குக் கொஞ்சம் மௌனம் தேவைப்படுகிறது. ஒளிவுமறைவு என்று அதற்குப் பட்டம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளி நேர்காணலில் குழு விவாதம் ஒன்றை வைக்கிறது. ஐந்தாறு விண்ணப்பதாரர்கள், 35 நிமிடம், ஒரு தலைப்பு. சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அழைப்பு வந்த கன்சல்டிங் நண்பனுக்காக நாங்கள் அதை நடித்துப் பார்த்தோம், பதிவும் செய்தோம். பதிவை ஓடவிட்டுப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கன்சல்டிங் நண்பன் முதல் நான்கு நிமிடத்தில் வெள்ளைப் பலகையைக் கைப்பற்றினான். தோழி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ‘நீங்கள் சொல்வது சரி’ என்று ஒன்பது முறை சொல்லியிருந்தேன். தோழி எண்ணிச் சொன்னாள். மென்பொருள் நண்பன் முப்பதாவது நிமிடத்தில் வாய் திறந்து ஒரே ஒரு யோசனை சொன்னான். எடுத்துப் போகத் தகுந்தது அது ஒன்றுதான். இரண்டு ஆண்டாக அவர்களோடு பேசிவருகிறேன். அந்த 35 நிமிடத்தில் தெரிந்தது அதற்குமுன் தெரியவில்லை. மறுநாள் கிடங்குக் கூட்டத்தில் என் ‘சரி’களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு நெருங்கியவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, நான் இப்போது படிக்கும் இடத்துக்கு என்னைக் கொண்டு சேர்த்தவர் இவர்களில் ஒருவரும் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு எட்டு மாதம் என் பக்கத்து மேசையில் இருந்து, பிறகு வேலையை விட்டுப் போன ஒரு பெண்மணி. ஆண்டுக்கு ஒருமுறை வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கே பழக்கம். இரண்டாண்டுப் படிப்பையே நான் துரத்திக்கொண்டிருந்தபோது, அவர்தான் பிரான்ஸிலுள்ள மேலாண்மைப் பள்ளியான இன்சியாட்டின் அமைப்பை விளக்கினார். அங்கே பத்து மாதப் படிப்பு. ஜனவரியிலும் ஆகஸ்ட்டிலும் சேர்க்கை. ஜனவரியில் சேர்பவர்களுக்கு நடுவில் கோடைகாலப் பயிற்சி வேலைக்கு இடைவெளி உண்டு. ஆகஸ்ட்டில் சேர்பவர்களுக்கு அது இல்லை. துறையே மாற நினைப்பவர்களுக்கு அந்த இடைவெளி உயிர்நாடி, இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவர்களுக்கு அது அவ்வளவு தேவையில்லை, நீ எந்த வகை என்று கேட்டார். நான் சரக்கையும் கிடங்கையும் விட்டுப் போக விரும்பவில்லை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாயிற்று. ஓராண்டு வகைப் படிப்புகளின் பக்கம் திரும்பியது அந்த உரையாடலுக்குப் பிறகு.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நமக்கு நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்ததையே தெரிந்துவைத்திருக்கிறார்கள். புதிய செய்தி தள்ளி நிற்பவரிடமிருந்து வருகிறது. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் அவர் அளந்தது வேலை எப்படிக் கிடைத்தது என்பதை. எந்த வேலையை விரும்ப வேண்டும் என்று மனத்தில் உருவாவது வேறு சங்கதி. அந்தப் பெண்மணியின் கேள்விக்கு நான் ஒரே நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்ததென்றால், அந்தப் பதில் இரண்டு ஆண்டாகச் சனிக்கிழமைகளில் அடித்து அடித்துத் திருத்தப்பட்டது என்பதால்தான்.

கன்சல்டிங் நண்பனுக்கு இடம் கிடைத்தது. அவனுடைய நிறுவனமே கட்டணத்தையும் ஏற்றது. படிப்பு முடிந்து திரும்பி வந்து இரண்டு ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் மூவருக்கும் பொறாமையாக இருந்தது. முதல் பருவத்தில் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் என்ன வேலைக்குப் போகலாம் என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் விடை தெரிந்த வினாத்தாளோடு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். மூன்று விடைகளை மாற்றும் அந்த வசதியைப் பற்றிக் கேட்ட பழைய ஞாபகம் வந்தது எனக்கு. அவனிடம் சொல்லவில்லை.

தோழி விண்ணப்பிக்கவே இல்லை. 700 வாங்கிய மூன்றாம் மாதம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவள் எங்கள் மூவரின் கட்டுரைகளையும், பாதியில் நின்ற ஒன்றையும் சேர்த்து, அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தன் கட்டுரையின் ஒரு வரியைக்கூட எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்ட ஒரே ஒரு முறை, “கட்டம் நிரப்ப இன்னும் காரணம் கிடைக்கவில்லை” என்றாள். பிழைக் குறிப்பேட்டின் நடுக் கட்டத்தைச் சொல்கிறாள் என்று புரிந்து, மேற்கொண்டு கேட்காமல் விட்டேன். அதற்காக அவள்மேல் எனக்கு ஒரு சிறு கோபமும் உண்டு. எங்களில் அந்த வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமானவள் அவளே என்று நினைப்பதால் வரும் கோபம்.

நாங்கள் இப்போது வெவ்வேறு நேர மண்டலங்களில் இருக்கிறோம். சனிக்கிழமை அழைப்பு ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு நடுப்பகல், ஒருவருக்கு இரவு. போன வாரம் கேஸ் ஒன்றைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, தோழி இடைமறித்து, வேறேதோ கேட்பதுபோல, ஜிமேட் மதிப்பெண் எத்தனை ஆண்டுக்குச் செல்லும் என்று கேட்டாள். ஐந்து ஆண்டு, உன்னுடையது 2029 ஜனவரி வரை என்றேன். அவளுக்குத் தெரியாததா? மென்பொருள் நண்பன் திரையில் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. “சரி, அந்தக் கேஸைச் சொல்லு” என்றாள்.